பதின்மூன்றாம் தேதித் தாள்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, அச்சகத்தின் இரும்புக் கதவில் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஹேமநாதனுக்கு அதைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. அவர் அச்சடித்ததுதான், நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற வகை. ஆகஸ்ட் பன்னிரண்டு வரை கிழிக்கப்பட்டிருந்தது. மேலே பதின்மூன்று இருந்தது. அதற்குக் கீழே டிசம்பர் முடிய ஒரு தாளிலும் கை பட்டிருக்கவில்லை. யார் கொண்டுவந்தது, என்ன குறை என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.

போன வருடமும் இதே மாதத்தில் இப்படி ஒன்று வந்தது. அதற்கு முந்தைய வருடமும் வந்தது. ஒவ்வொரு முறையும் பதின்மூன்றில்தான் நின்றிருந்தது.

அவர் மனைவி மலர் உள்ளே கணினியைத் திறந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். தாள்களை வடிவமைப்பது அவள் வேலை.

"மறுபடியுமா? பின்னு சரியில்லையோ என்னமோ."

"பின்னு சரியாத்தான் இருக்கு. இழுத்துப் பாத்துட்டேன்."

"அப்ப பதிமூணுன்னா பயப்படுற ஆளா இருக்கும்."

"அப்படின்னா ஜனவரியிலயே திரும்பி வந்திருக்கணும்லா. மாசா மாசம் பதிமூணு வருதே."

மலர் சிரித்தாள். ஹேமநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜொகூர் மாநிலத்தில் பொந்தியான் பக்கம் தமிழ்க் காலண்டர் அடிப்பவர் அவர் ஒருவர்தான். தான் செய்த பொருளில் எங்கே பிழை என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கிழிக்கும் காலண்டரில் பிழை வர மூன்று இடங்கள் உண்டு. முதலாவது அச்சு. ஒரு பெரிய தாளில் பதினாறு நாட்கள் சேர்ந்து அச்சாகும். மை குறைந்தால் ஒரு மூலையில் இருக்கிற நாள் மட்டும் வெளிறும். இரண்டாவது வெட்டு. கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் ராகு காலம் பக்கத்து நாளுக்குப் போய்விடும். மூன்றாவது அடுக்கு. வெட்டிய நாட்களை வரிசையாக அடுக்கி, மேல் விளிம்பில் தகரப் பட்டை வைத்துப் பின் அடிக்கும்போது ஒரு தாள் தவறினால் மக்கள் ஒரு நாளையே இழப்பார்கள். ஹேமநாதன் மூன்றையும் பார்த்தார். பதின்மூன்றுக்குப் பின்னால் பதினான்கு ஒழுங்காக இருந்தது.

பிறகு தாளில் இருப்பதைப் படித்தார். நடுவில் தடித்த எண்ணில் ஆங்கிலத் தேதி. அதற்கு மேல் தமிழ் மாதமும் தேதியும்: ஆடி இருபத்தெட்டு. திதி, நட்சத்திரம், ராகு காலம். வலது மூலையில் ஹிஜ்ரி தேதி, இடது மூலையில் சீனத் தேதி. எல்லாம் சரி.

அடியில் அவருக்குப் பெருமை சேர்க்கும் ஒரு வரி உண்டு. 'ஜொகூரில் இந்நாள்' என்று தொடங்கும் அது. ஜனவரி முப்பத்தொன்றில், போரில் பின்வாங்கிய படைகள் சிங்கப்பூர் போகும் பாலத்தை வெடிவைத்து உடைத்த செய்தி இருக்கும். ஏப்ரல் பதினான்கில், ஜொகூர் தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்ட செய்தி. டிசம்பர் முப்பத்தொன்று அவருக்கு மிகவும் பிடித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில், அந்த இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். அரை மணி நேரம் யாருக்கும் கிடைக்காமலே போயிற்று. இங்கே காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறதென்றால் அதற்கு அந்த அரை மணியும் ஒரு காரணம். அதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் நிறுத்தி வைத்து விளக்குவார்.

ஆனால் வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தாள். அரசர்களும் போர்களும் அத்தனை நாட்களுக்குப் போதவில்லை. காலியாக நின்ற நாட்களுக்குப் பழைய செய்தித்தாள்களைத் தேடி, வெள்ளம், பள்ளிக்கூடம் திறந்தது, விபத்து என்று நிரப்பினார். பதின்மூன்றாம் தேதியின் வரி ஒரு மரப்பாலத்தைப் பற்றியது. யாருக்கும் அதில் கோபம் வர வழியில்லை.

இந்த முறை விடுவதாக இல்லை. காலண்டரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தாள்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். அட்டை மட்டும் கடைக்குக் கடை மாறும். சாமி படம் கேட்பவர் உண்டு, பூ கேட்பவர் உண்டு. இந்த அட்டையில் அருவிப் படம் இருந்தது. அருவி கேட்பவர் ஒருவர்தான்: பெக்கான் நானாஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சிக்கந்தர்.

ஞாயிற்றுக்கிழமை போனார். அந்த வருட ஜனவரியிலிருந்துதான் ஜொகூரில் மறுபடியும் சனி, ஞாயிறு விடுமுறை. அதற்கு முன் பதினோரு வருடம் வெள்ளி, சனி. எந்தக் கிழமையைச் சிவப்பில் அடிப்பது என்று ஹேமநாதன் கடைசி நேரத்தில் திண்டாடியது அதனால்தான்.

சிக்கந்தர் கல்லாவில் உட்கார்ந்தபடி காலண்டரை வாங்கிப் பார்த்தார்.

"என்னா பிரின்டரே, வித்த சரக்க வீடு வீடா திரும்ப வாங்குறீங்களா?"

"உங்க அட்டைதான் பாய். யாருக்குக் குடுத்தீங்கன்னு தெரியுமா?"

"முந்நூறு பேருக்குக் குடுக்குறேன். ஒருத்தன் ஒரு தோசை திங்கிறான், ரெண்டு காலண்டர் கேக்குறான்." சிக்கந்தர் தாளின் மூலையை மோந்து பார்த்தார். மூலை மஞ்சளாக இருந்தது. "அலமாக். இது நம்ம சமையக்கட்டு மஞ்சள். புஷ்பவள்ளி அக்காவோடதுலா. வெங்காயம் வெட்டுறாங்களே, அவங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த வேன் விபத்துல போன பையன் அவங்க மகன்."

ஹேமநாதன் காலண்டரை வாங்கி, பதின்மூன்றாம் தாளின் நுனியைத் தூக்கி, கீழே இருந்த தாளைப் பார்த்தார். பதினான்காம் தேதியின் வரியை அவரே எழுதியிருந்தார். 'ஜொகூரில் இந்நாள்: பெக்கான் நானாஸ் அருகே தொழிற்சாலை வேன் கவிழ்ந்து ஐவர் பலி.' மூன்று வருடங்களுக்கு முன்தான் அதைச் சேர்த்திருந்தார். அதுவரை பதினான்கு காலியாக இருந்தது.

*

புஷ்பவள்ளியின் வீடு கடைக்குப் பின்னால் இருந்த தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் கடைசி. அறுபதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். கதவுக் கம்பி வழியாகவே ஹேமநாதனையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதான் காலண்டர்காரரா? மூணு வருஷமா வர்றேன், உங்க கடை பூட்டியே கெடக்கு."

"எந்தக் கிழமை வந்தீங்கக்கா?"

"எனக்கு லீவு அன்னிக்குத்தானே வர முடியும்."

"எங்களுக்கும் அன்னிக்குத்தான் லீவு."

"நல்லாத்தான் இருக்கு," என்று கதவைத் திறந்தார்.

சுவரில் ஓர் இளைஞனின் படம் மாலையோடு இருந்தது. குணாளன். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கடற்பாலத்தில் நெரிசல் சேருவதற்குமுன் அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்பதால் இந்த ஊரிலிருந்து வேன்கள் நாலரைக்கெல்லாம் கிளம்பும். இப்போதும் அப்படித்தான். அந்த நாளில் வேன் ஊர் எல்லையைத் தாண்டியதும் கவிழ்ந்தது. ஐந்து பேரும் அங்கேயே போய்விட்டார்கள்.

"எம்புள்ள செத்தது பதிமூணு, தம்பி. நீங்க பதினாலுன்னு போட்டுட்டீங்க."

"பேப்பர்ல பாத்துத்தான்க்கா போட்டேன்."

"பேப்பர் யாரு வீட்டுல இருந்து பாத்தான்? நான் இருந்தேன்."

வருடா வருடம் பதின்மூன்றாம் தேதி இலை போட்டுப் படைத்து வந்திருக்கிறார். பெரிதாக யாரையும் கூப்பிடுவதில்லை. சோறு, சார்டின் மீன் பெரட்டல், ஒரு குவளை கோப்பி. தானும் மகனும் மட்டும். வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்விட்டதால் நாள் என்ன என்று கேட்கவோ திருத்தவோ வேறு ஆள் இல்லை. ஹேமநாதனின் வரி வந்த முதல் வருடம், நாத்தனார் வெள்ளையம்மா காலண்டரோடு வந்து நின்றிருக்கிறார்.

"'பாருங்க அண்ணி, பதினாலுன்னு அச்சுலயே போட்டிருக்கான்'னா. 'அப்ப இத்தன வருஷமா புள்ள வந்து பாத்துட்டு, அடுப்பு அணைஞ்சு கெடக்கேன்னு பசியோட திரும்பிப் போயிருக்கான்'னா. சொல்லிட்டு மோர் வாங்கிக் குடிச்சுட்டுப் போயிட்டா."

ஹேமநாதன் கையிலிருந்த காலண்டரை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அதுக்கப்புறம் எனக்கு ஓடல. பதிமூணுல போட்டா பேப்பர் இல்லங்குது. பதினாலுல போட்டா, முன்ன போட்டதெல்லாம் வீணுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. ரெண்டுலயும் போடல. பதிமூணு வந்தா அதுக்கு மேல காலண்டரக் கிழிக்க கை வரல. அதான் கொண்டாந்து கொண்டாந்து மாட்டிட்டு வந்தேன்."

"நான் அந்த வரிய எடுத்துடறேன்க்கா."

"எடுத்துடாதீங்க!" அவர் குரல் உயர்ந்தது. "ராஜா, சண்ட, பாலம்னு வர்ற எடத்துல எம்புள்ளயும் வந்துட்டானேன்னு மொதல்ல ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எடுக்காதீங்க. நாள மட்டும் சரி பண்ணுங்க. என்னிக்கு அவனுக்கு எல போடணும்னு எனக்குத் தெரியணும், தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தார்.

பார்த்தார். ஜொகூர் பாருவில் நூலகத்தில் பழைய செய்தித்தாளை மறுபடி எடுத்தார். அதிகாலை ஐந்து மணிக்கு முன், ஆகஸ்ட் பதினான்கு என்றுதான் இருந்தது. இறந்த மற்ற நால்வரில் இருவரின் குடும்பங்களைத் தேடிப் போனார். இரு வீட்டாருமே பதினான்கு என்றார்கள். அதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாளில்தான் கோயிலில் அர்ச்சனை செய்கிறார்கள், இவர் அடித்த வரியைக் கத்தரித்துப் படத்துக்குக் கீழே ஒட்டியும் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஒரு தாய்க்கு மட்டும் எப்படிப் பதின்மூன்று? மகன் செத்த நாளை ஒருத்தி மறப்பாளா? துக்கத்தில் குழம்பியிருக்கலாம் என்றாள் மலர். இருக்கலாம். ஆனால் புஷ்பவள்ளி குழம்பியவராகத் தெரியவில்லை. ஒரே நாளைச் சொன்னார், ஒவ்வொரு முறையும் அதையே சொன்னார். அவரிடம் போய், நீங்கள் சொல்வது தப்பு, உங்கள் மகன் பசியோடுதான் போயிருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? ஹேமநாதன் போவதைத் தள்ளிப் போட்டார். செப்டம்பர் முழுவதும் அவர் பெக்கான் நானாஸ் பக்கம் போகவில்லை.

*

அக்டோபரில் காலண்டர் வேலை தொடங்கிவிடும். அட்டை மாதிரிகளைக் காட்டி முன்பணம் வாங்க வேண்டும். சிக்கந்தர் அதிகாலைத் தொழுகை முடிந்து கடையில் இருக்கும் நேரம்தான் பேச வசதி. ஹேமநாதன் ஆறரைக்குப் போனபோது வெளியே இன்னும் இருட்டு. உள்ளூர்த் தொழிற்சாலை வேனுக்காகக் காத்திருந்த நாலைந்து பேர் முதுகில் பையோடு தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடை அது.

கல்லாவுக்குப் பின்னால் அருவிப் படத்தோடு அவருடைய காலண்டர். ஏழாம் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. அன்று எட்டு. காலண்டர் அடிப்பவருக்குக் கிழிக்காத தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. எட்டிப் பிடித்தார்.

"கை வைக்காதீங்கண்ணே!" என்று கல்லாவில் இருந்த பைரோஸ் கத்தினான். இரவு வேலை அவனுடையது. "கிழிச்சீங்கன்னா என் கணக்கெல்லாம் நாளைக்குப் போயிரும்."

"எட்டாந்தேதி ஆயிருச்சுப்பா. பன்னெண்டு மணிக்கே ஆயிருச்சு."

"கடைக்கு இன்னும் ஆகல. ஏழு மணிக்கு அடுத்த ஆளு வரணும், அவன்தான் கிழிக்கணும். அதுவரைக்கும் எனக்கு ஏழுதான்."

சிக்கந்தர் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். "அவனுக்கு ஏழு. எனக்கு நேத்து மஃரிப்புலயே நாள் மாறியாச்சு. எங்களுக்குப் பொழுது சாஞ்சா அடுத்த நாள். உங்களுக்குப் பொழுது விடிஞ்சாத்தான் அடுத்த நாள். அரசாங்கத்துக்கு நடுராத்திரி. மூணு நாள ஒரே தாள்ல ஓட்டுறீங்க, பிரின்டரே. எப்பத்தான் கிழிக்கிறதாம்?"

கேலியாகத்தான் சொன்னார். ஹேமநாதனின் கை தாளிலேயே நின்றது.

தாள் அச்சகத்தில் மாறுவதில்லை. நடுராத்திரியில் தானாகவும் மாறுவதில்லை. யாராவது ஒருவர் வந்து கிழிக்கும்போதுதான் மாறுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஒருவர் யார், எப்போது கிழிப்பார் என்பது காலண்டர் அடிப்பவருக்குத் தெரியாது. இத்தனை வருடமாக அவர் அதை ஒருமுறைகூட யோசித்ததில்லை.

சமையலறைக்குள் போனார். புஷ்பவள்ளி சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். குணாளன் இருந்தப்ப உங்க வீட்டுல காலண்டர யாரு கிழிப்பா?"

"நாந்தான். வேற யாரு? விடிஞ்சதும் வெளக்கேத்திட்டு, கிழிச்சுட்டு, அப்புறம்தான் அடுப்படிக்குப் போவேன்."

"அவன் வேலைக்குக் கெளம்பும்போது?"

"அவன் கெளம்பும்போது நாலு மணி. அப்ப எதுக்குக் கிழிக்கிறேன்?"

"அன்னிக்குக் கிழிச்சீங்களா?"

அவர் கை நின்றது. "அன்னிக்கு யாரு கிழிச்சா? விடியறதுக்குள்ளயே போலீஸ்காரன் வாசல்ல வந்து நின்னுட்டான். அப்புறம் ஆம்பளைங்க ஆஸ்பத்திரிக்கும் காட்டுக்கும் போனாங்க. நான் கூடத்துல கெடந்தேன். செத்த வீட்டுல யாரு காலண்டரக் கிழிப்பா? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச பிறகுதான் யாரோ மொத்தமாக் கிழிச்சாங்க. அதுவரைக்கும் என் கண்ணுக்கு நேரா பதிமூணுதான் தொங்கிச்சு. அதப் பாத்துக்கிட்டேதான் அழுதேன். எனக்கு எப்படித் தம்பி மறக்கும்?"

ஹேமநாதனுக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று புரிகிற நேரம் அவருக்கு எப்போதும் சந்தோஷமான நேரம். கடையின் முன்பக்கம் ஓடி, சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"இங்க பாருங்கக்கா. நடுவுல இருக்கிற பெரிய நம்பர் இங்கிலீஷ் தேதி. அது நடுராத்திரியில மாறுது. அதனால பேப்பர்க்காரன் பதினாலுன்னு எழுதினான். அது தப்பில்ல. ஆனா மேல பாருங்க, தமிழ்த் தேதி. அது சூரியன் எழுந்தாத்தான் மாறும். நான் கணிச்சுப் போடுறதே அப்படித்தான். வேன் கவுந்தப்ப அஞ்சு மணிகூட ஆகல. இங்க விடியறது ஏழு மணிக்கு. அப்ப ஆடி இருபத்தெட்டு இன்னும் முடியல. ஆடி இருபத்தெட்டு எந்தத் தாள்ல இருக்கு? பதிமூணாந்தேதித் தாள்ல. பதினாலாந்தேதித் தாள் பொறக்கவே இல்ல. நீங்க கிழிக்கவே இல்லியே! உங்க நாள் தப்பே இல்லக்கா. நீங்க போட்டுட்டு வந்தது எல்லாம் சரியான நாள்லதான் போட்டிருக்கீங்க. அவன் ஒரு வருஷம்கூடப் பசியோட போகல."

சொல்லி முடித்து அவர் முகத்தைப் பார்த்தார். அங்கே வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தார்.

புஷ்பவள்ளி கத்தியைத் தட்டின்மேல் வைத்தார்.

"அப்ப இந்த மூணு வருஷம்?" என்றார்.

ஹேமநாதனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"இந்த மூணு வருஷம் நான் போடலியே, தம்பி. சரியான நாள்ல அவன் வந்திருப்பான். நான் அச்சப் பாத்துட்டு அடுப்பப் பத்த வைக்கல."

வாசலில் வந்து நின்ற சிக்கந்தர்தான் ஏதோ சொல்ல வேண்டும் என்று சொன்னார். "அங்க பசி கிடையாதுக்கா. அல்லா அப்படி வைக்க மாட்டான்."

"உங்களுக்கு எப்படி பாய் தெரியும்?" என்று கேட்டார் புஷ்பவள்ளி. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டார். சிக்கந்தர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார்.

வெளியே வேன் வந்து நின்ற சத்தமும், பையன்கள் காசை வைத்துவிட்டு ஓடும் சத்தமும் கேட்டன. புஷ்பவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் வெட்டுபவர் அழுவது யாருக்கும் புதிதல்ல. தே கலக்குபவன் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மறுபடி கத்தியை எடுத்தார்.

ஹேமநாதன் காலண்டரைப் பழைய இடத்தில் கொண்டுபோய் மாட்டினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று திரும்பி வந்து நின்றார்.

"அடுத்த வருஷம் எப்படிப் போடுவீங்க?" என்று புஷ்பவள்ளியே கேட்டார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரியாப் போடுவேன்க்கா."

"மத்த புள்ளைங்க வீட்டுல பதினாலுங்கிறாங்களாமே. அவங்களுக்கும் தப்பா ஆயிடக்கூடாது. இன்னொருத்தி என்ன மாதிரி உக்காரக்கூடாது."

*

அச்சகத்தில் அதைத் தீர்க்க ஒரு வாரம் ஆயிற்று.

பதினான்காம் தாளில் விட்டால் புஷ்பவள்ளிக்குத் தப்பு. பதின்மூன்றாம் தாளில் போட்டால் மற்ற நான்கு வீட்டுக்கும் தப்பு. அதிலும் பதின்மூன்றாம் தாள் அன்று காலையிலிருந்தே சுவரில் தொங்கும். அப்போது ஐந்து பேரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டிலும் போட்டால் ஒரே விபத்து இரண்டு முறை நடந்ததாகிவிடும்.

"ரெண்டு தாளுக்கும் நடுவுல போட எடம் இருந்தா நல்லா இருக்கும்," என்றார் ஹேமநாதன்.

"நடுவுல என்ன இருக்கு? பதிமூணோட முதுகு இருக்கு," என்றாள் மலர், திரையைப் பார்த்துக்கொண்டே.

ஹேமநாதன் அவளைப் பார்த்தார்.

"என்னாத்துக்கு அப்படி முழிக்கிறீங்க? முதுகுல நாம ஒண்ணுமே அடிக்கிறதில்லியே. வெள்ளையாத்தானே கெடக்கு."

தாளின் பின்பக்கத்தை அதுவரை அவர்கள் தொட்டதில்லை. காரணம் உண்டு. கிழிக்கும் காலண்டரின் தாள் மெல்லியது; பின்னால் அச்சடித்தால் முன்னால் நிழலாகத் தெரியும். அதோடு பின்பக்கம் அடிக்கத் தாளை இன்னொரு முறை இயந்திரத்தில் திருப்பி விட வேண்டும்.

"ஒரு வரிக்காக ஒரு ரன்னா? மெஷின்காரன் நம்மளத் திட்டுவான்," என்றாள் மலர்.

"ஆகஸ்ட் பதிமூணு இருக்கிற பெரிய தாள மட்டும் திருப்பினாப் போதும். மத்ததெல்லாம் எப்பவும் போல."

நிழல் தெரியும் சிக்கலுக்கு மூன்று மாதிரி அடித்துப் பார்த்தார்கள். தாளின் நடுவில் அடித்ததும் தெரிந்தது, அடியில் அடித்ததும் தெரிந்தது. மூன்றாவது சரியாக வந்தது: பதின்மூன்று என்ற எண் மிகத் தடிப்பானது, முழுக் கறுப்பு, அந்தக் கறுப்புக்கு நேர் பின்னால், இரண்டு இலக்கங்களின் அகலத்துக்குள் சொற்களை அடுக்கினால் முன்னால் எதுவும் தெரியாது. எழுத்து சிறியதாக இருக்க வேண்டும், வரி நீளக்கூடாது. மலர் அதை ஐந்து சிறு வரிகளாக உடைத்தாள்.

மாதிரியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது புஷ்பவள்ளி அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். அவர் முகம் தெளியவில்லை. அந்த மூன்று வருடத்தைப் பற்றி அன்றும் ஒருமுறை கேட்டார்.

"நான் எப்ப எல போடணும்?" என்று கேட்டார்.

"பதிமூணு ராத்திரி சமைச்சு வைங்க. அவன் கெளம்புற நேரத்துக்கு, தாள் தொங்கும்போதே போட்டுருங்க. விடிஞ்ச பிறகு கிழிங்க."

அவர் தலையாட்டினார்.

அடுத்த வருடக் காலண்டர் அப்படியே அச்சானது. ஆகஸ்ட் பதினான்கின் அடியில் இப்போது வரி இல்லை. பதின்மூன்றின் முகத்திலும் மரப்பாலத்தைத் தவிர வேறு செய்தி இல்லை. வேனின் செய்தி பதின்மூன்றாம் தாளின் பின்பக்கத்தில், எண்ணுக்கு நேர் பின்னால், 'இந்த இரவு முடிந்து விடியுமுன்' என்று தொடங்குகிறது. தாள் சுவரில் தொங்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. கிழித்துத் திருப்பும்போதுதான் தெரியும். அப்போது கையில் பதின்மூன்று இருக்கும், சுவரில் பதினான்கு இருக்கும்.